மண் அரிக்கும் சிக்லிட்டுக்கு மணல் இல்லாமல் முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு வீட்டில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. அடியில் நீலமும் வெள்ளையும் கலந்த சாயக் கல். அதில் ‘சூரினாமென்சிஸ்’ என்று கடையில் சொல்லிக் கொடுத்த ஜியோஃபேகஸ் குட்டிகள் ஆறு. ஜியோஃபேகஸ் என்பது மண்ணை அரித்து இரை தேடும் தென் அமெரிக்க சிக்லிட் மீன். மூன்று மாதமாக மீன்கள் பெரும்பாலும் மூலையிலேயே ஒதுங்கி நிற்கின்றன. ஒன்றுக்குத் தலையில் சின்னக் குழிகள் தெரிகின்றன. மணல் போட்டால் ஃபில்டர் போய்விடும், கல்லே போதும் என்கிறார் கடைக்காரர். மணல் கட்டாயமா, கட்டாயம் என்றால் எந்த மணல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதியிருப்பது மணலைப் பற்றித்தான். ஆனால் மூலையில் நிற்பதையும் தலைக் குழியையும் சேர்த்துப் படித்தால், இந்த மீன் என் தொட்டியில் நன்றாக இருக்குமா என்பதுதான் உங்கள் கவலை என்று தெரிகிறது. அதனால் மணலில் தொடங்கி மற்றதையும் சொல்கிறேன். இந்த வகை மீன்களைப் பல வருடங்களாக வளர்த்து வருகிறேன். நான் மீன் மருத்துவர் இல்லை. எது உறுதி, எது ஊகம் என்பதை அங்கங்கே பிரித்தே எழுதுகிறேன்.

மணல் கட்டாயம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காரணம் அழகு இல்லை, அந்த மீனின் வாயும் செவுளும் அமைந்திருக்கும் விதம். நல்ல மணல் தொட்டியில் ஒரு ஜியோஃபேகஸ் இரை தேடுவதைக் கிட்ட உட்கார்ந்து பாருங்கள். உடலைச் சற்றுச் சாய்த்து, முகத்தைக் கண் வரைக்கும் மணலில் அமுக்கி ஒரு வாய் அள்ளும். பிறகு நிமிர்ந்து, தாடையை நாலைந்து தடவை அசைக்கும். அதே நேரம் செவுள் மூடிகள் இரண்டும் விரிந்து, அவற்றின் ஓரம் வழியாக மணல் இரண்டு பக்கமும் மெல்லிய தாரையாக இறங்கும். மிச்சத்தை வாய் வழியாகவே துப்பிவிட்டு, அரை அடி தள்ளிப் போய் மறுபடியும் அள்ளும். அரிசியில் கல் அரிப்பது மாதிரியான வேலை. வேண்டியது உள்ளே தங்கும், வேண்டாதது வெளியே போகும். முதல் செவுள் வளைவின் மேல்பகுதியில் இவற்றுக்கு ஒரு சதை மடல் இருக்கிறது, அதன் விளிம்பில் சிறு முட்கள். தொண்டையில் இரண்டாவது ஒரு தாடையும் உண்டு. அது எல்லா சிக்லிட்டுக்கும் இருப்பதுதான். இந்த ஏற்பாட்டை வைத்துத்தான் ஆற்று மணலில் இருந்து கொசு மாதிரியான பூச்சிகளின் புழு, நுண்ணிய ஓட்டுடலிகள், விதை, மக்கிய இலைத்தூள் எல்லாவற்றையும் பிரித்து எடுக்கிறது.

அந்த மடல் இரை அரிக்கத்தான் உருவானதா, குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பதற்கா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. வாயில் குஞ்சு வைக்காத உறவு மீன்களான அகாரிக்திஸ், பயோடோடோமா ஆகியவற்றுக்கும் அதே மடல் இருப்பதால், இரைக்குத்தான் என்ற பக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தொட்டிக்காரருக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பகல் முழுக்க இந்த மீன் செய்கிற வேலை இதுதான் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். இரை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அரித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் தொட்டியில் உள்ள கல்லை எடுத்துக்கொள்வோம். மூன்று நான்கு மில்லிமீட்டர் கல் குட்டி மீனின் செவுள் வழியாக வெளியே போகாது. வாயில் எடுக்கும், துப்பும். கூர்மையான விளிம்பு இருந்தால் உதடும் வாயின் உட்புறமும் உரசிப் புண்ணாகும். கொஞ்ச நாளில் முயற்சியையே விட்டுவிட்டு, மேலிருந்து விழும் தீவனத்துக்காக மட்டும் வரும். கல்லுக்கு நடுவே இறங்கிய தீவனம் அங்கேயே அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். சாயக் கல்லில் சாயம் உரியும் வாய்ப்பு வேறு. இனப்பெருக்கம் செய்கிறவர்கள் பலர் குஞ்சுகளை அடியில் எதுவுமே போடாமல் வெறும் கண்ணாடியில் வளர்ப்பது உண்மைதான். சுத்தம் செய்ய வசதி, குஞ்சுகளும் வளரும். ஆகவே மணல் இல்லாவிட்டால் செத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மணல் இல்லாததுதான் தலைக்குழி நோய்க்குக் காரணம் என்றும் சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் மணல் இல்லாத தொட்டியில் நீங்கள் வைத்திருப்பது ஜியோஃபேகஸ் வடிவத்தில் இருக்கிற ஏதோ ஒரு மீனைத்தான். அதற்கு இந்தக் காசு கொடுத்திருக்க வேண்டியதில்லை.

எந்த மணல்? தேவை இரண்டே இரண்டு: பொடியாக இருக்க வேண்டும், மணிகள் உருண்டையாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் அளவு நன்றாக இருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தண்ணீரில் உருண்டு முனை மழுங்கிய ஆற்று மணல்தான் சரியானது. கட்டட வேலைக்கு இப்போது பரவலாகக் கிடைக்கும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது, ஒவ்வொரு மணியும் சில்லு மாதிரி கூராக இருக்கும். பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்டும் அதே வகைதான், பொடியாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஈரக் கையில் எடுத்து விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று குத்தினால் அது உங்கள் மீனுக்கு இல்லை. கடற்கரை மணலில் கிளிஞ்சல் துகள் இருக்கும், அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடி மணலில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். நீச்சல் குள ஃபில்டருக்கு விற்கும் சிலிகா மணலும் பயன்படும், மணி உருண்டையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஆற்று மணலை மைதா சலிக்கிற சல்லடையில் சலித்து, கீழே விழுவதை எடுங்கள். பக்கெட்டில் கால்வாசி மணல் போட்டு, குழாயை அடிவரை விட்டுக் கையால் கிளறிக் கிளறி, கலங்கல் வழிந்து தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதில் அவசரப்பட்டால் தொட்டி ஒரு வாரம் பால் மாதிரி நிற்கும். உங்கள் தொட்டி அளவுக்கு 3 செ.மீ. உயரம் போதும், அதற்கு ஏறத்தாழ 25 கிலோ பிடிக்கும். அதற்கு மேல் கொட்டினால் கிளறப்படாத அடிப்பகுதியில் காற்று போகாமல் கெட்ட வாயு சேரலாம். இந்த மீன்கள் மணலைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் மெல்லிய படுகையில் அந்தப் பயம் அநேகமாக இல்லை. நிறம் உங்கள் விருப்பம். வெளிர் பழுப்பு மணலில் மீனின் நிறம் இயல்பாகத் தெரியும்; பளிச் வெள்ளையில் மீனும் வெளிறும் என்பது என் அனுபவம், பலரும் சொல்வதும் அதுதான்.

கடைக்காரர் சொன்ன ஃபில்டர் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. மணலுக்கு அடியில் வைக்கும் தட்டு ஃபில்டர் இந்த மீனுக்கு ஒத்துவராது, மணல் இறங்கி அடைத்துக்கொள்ளும். பவர்ஹெட்டோ (தொட்டிக்குள் வைக்கும் பம்ப்) கேனிஸ்டரோ (வெளியே வைக்கும் ஃபில்டர்) அடிமட்டத்தில் இருந்து உறிஞ்சினால், மீன் துப்பும் மணல் உள்ளே போய் இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழலும் விசிறியைத் தேய்க்கும். தீர்வு எளிது: உறிஞ்சும் குழாய் மணலில் இருந்து அரை அடியாவது மேலே இருக்கட்டும், அதன் வாயில் ஒரு ஸ்பாஞ்சை மாட்டுங்கள். ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள். பாறைகள் வைப்பதாக இருந்தால் முதலில் அடிக் கண்ணாடியில் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் சுற்றி மணலைப் போடுங்கள். மணல் மேல் பாறை வைத்தால் மீன் அடியைத் தோண்டிச் சாய்த்துவிடும், கண்ணாடியும் உடையலாம். மணலில் நட்ட செடி நிற்காது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் கட்டிவிட்டால் இருக்கும்.

தலைக் குழிக்கு வருவோம். நீங்கள் போட்ட படம் தெளிவாக இல்லை, அதை வைத்து நான் நோய் சொல்லக் கூடாது. ஒன்றைக் கவனியுங்கள். எல்லா சிக்லிட்டுக்கும் கண்ணைச் சுற்றியும் மூக்குக்கு மேலும் சின்ன உணர்வுத் துளைகள் இயற்கையாகவே உண்டு. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஓரம் சுத்தமாக இருந்தால் அவை அந்தத் துளைகள்தான், கவலை வேண்டாம். ஓரம் அரிக்கப்பட்டு, வெளுத்து, வாரத்துக்கு வாரம் அகலமாகிக்கொண்டு போனால் அது ‘ஹோல் இன் தி ஹெட்’. மற்ற மீன்களின் தலையோடு ஒப்பிட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அந்த நோய்க்குக் காரணம் என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. குடலில் வாழும் ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற ஒட்டுண்ணி என்கிறார்கள் சிலர். சத்துக் குறைவு, பழைய தண்ணீர் என்கிறார்கள் சிலர். பலவும் சேர்ந்துதான் என்பது பொதுவான கருத்து. உறுதியாகச் சொல்லக்கூடியது, ஜியோஃபேகஸ் குடும்பம் இதற்குச் சுலபமாக ஆளாகும் என்பதும், ஆரம்பத்திலேயே தண்ணீரையும் தீவனத்தையும் சரிசெய்தால் பெரும்பாலும் அதற்கு மேல் போகாமல் நின்றுவிடும் என்பதும்தான். தண்ணீரில் சேரும் கழிவான நைட்ரேட்டை அளக்கும் சோதனைக் கிட் ஒன்று வாங்குங்கள். 20 பி.பி.எம்-க்குள் வைக்கப் பாருங்கள். 40-ஐத் தாண்டியிருந்தால் முதல் வேலை அதுதான். வாரம் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டு தடவையாகப் பிரித்தால் இன்னும் நல்லது. ஒட்டுண்ணிக்கான மெட்ரோனிடசோல் மருந்தை எடுத்த எடுப்பில் தொட்டியில் கொட்ட வேண்டாம். மீன் மெலிந்து, வெள்ளை நூல் மாதிரி மலம் போனால் அப்போது யோசிக்கலாம், அதுவும் அளவு தெரிந்த ஒருவரிடம் கேட்டு.

கோவை என்கிறீர்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற பகுதியாக இருந்தால் அதிர்ஷ்டம். கடினத்தன்மை குறைந்த தண்ணீர், குளோரினை மட்டும் நீக்கிவிட்டு விடலாம். போர் தண்ணீர் மட்டும்தான் என்றாலும் பயப்பட வேண்டாம். பண்ணையில் பிறந்த ஜியோஃபேகஸ் ஓரளவு கடினமான தண்ணீரிலும் நன்றாகவே இருக்கும், பி.எச். 6.5-இலிருந்து 7.5 வரை பிரச்சினை இல்லை. திடீர் மாற்றம்தான் ஆகாது. ஆற்றில் பிடித்து வந்தவை வேறு கதை. இலைச் சாறு ஊறிய கறுப்புத் தண்ணீர் ஆறுகளில் இருந்து வரும் சாட்டனோபெர்கா டீமன் போன்ற உறவு மீன்கள் மிகவும் மென்மையான அமிலத் தண்ணீர் கேட்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர் அதைத் தொடவே வேண்டாம். வெப்பம் 27 முதல் 29 டிகிரி இருக்கட்டும். மார்கழி, தை இரவுகளில் கோவைக்கு ஹீட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் 32-ஐத் தொட்டால் ஆக்சிஜன் குறையும், அப்போது ஏர் ஸ்டோனை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

உங்களிடம் இருப்பது உண்மையில் எந்த மீன்? சூரினாமென்சிஸ் என்பது பிளாக் என்ற மீன் ஆய்வாளர் 1791-இலேயே பெயர் வைத்த பழைய இனம்; சுரினாம், பிரெஞ்சு கயானா பக்கத்து ஆறுகளில் வாழ்வது. கடையில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலானவை அது கிடையாது. ஹெக்கல் என்ற ஆய்வாளர் 1840-இல் விவரித்த ஆல்டிஃப்ரான்ஸ், பிரேசிலின் டொகான்டின்ஸ் ஆற்றில் இருந்து 2010-இல் பெயர் பெற்ற ஸ்வெனி, இவற்றின் உறவினங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயரை ஒட்டிவிடுகிறார்கள். இதைக் கடைக்காரரின் பித்தலாட்டம் என்று சொல்ல முடியாது. பிரேசிலின் டபஜோஸ் ஆற்றில் இருந்து வரும் சிவப்புத் தலை ஜியோஃபேகஸை உலகம் முழுக்க வருடக்கணக்கில் ‘ரெட் ஹெட் டபஜோஸ்’ என்று வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு பைரோசெஃபலஸ் என்று அறிவியல் பெயரே 2022-இல்தான் கிடைத்தது. குட்டியாக இருக்கும்போது இவற்றைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். கன்னத்தில் கறுப்புக் கோடு இருக்கிறதா, உடல் நடுவில் உள்ள புள்ளி எவ்வளவு பெரியது, தலை சிவக்கிறதா என்பதெல்லாம் ஒரு விரல் நீளம் தாண்டிய பிறகுதான் நம்பும்படி தெரியும்.

பெயர் எதற்கு என்றால் அளவுக்காக. ஆல்டிஃப்ரான்ஸ் வகை முழு வளர்ச்சியில் ஒரு சாணைத் தாண்டிவிடும். அவை ஆறும் நாலடித் தொட்டிக்குள் கடைசிவரை இருக்க முடியாது. ஆறடி நீளம், இரண்டு அடி அகலம் வேண்டும். சிவப்புத் தலையாக இருந்தால் சற்றுச் சின்னது, ஐந்தடித் தொட்டியில் சமாளிக்கலாம். கொலம்பியாவின் ஸ்டைண்டாக்னரி இன்னும் சின்னது, உங்கள் தொட்டிக்கே ஒரு ஆணும் மூன்று நான்கு பெண்ணுமாக வைக்கலாம். ஆனால் அதில் ஆண் முரடு, இரண்டு ஆண் வைத்தால் ஒன்று மிஞ்சும். எதுவானாலும் உயரத்துக்குச் செலவழிக்காதீர்கள். இது தரையில் வாழும் மீன், அதற்கு வேண்டியது தரைப் பரப்பு. இடம் போதவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், வேறொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள். ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று வாங்கி விட்ட மீன் சென்னை ஏரிகளில் பெருகிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆறு என்ற எண்ணிக்கை சரிதான், குறைக்க வேண்டாம். இரண்டு மூன்றாக வைத்தால் பலமானது பலவீனமானதைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஆறோ அதற்கு மேலோ இருந்தால் அந்தத் துரத்தல் எல்லாருக்கும் பிரிந்துவிடும். கூட ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் போன்ற முரட்டு மீன் எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் மீன்கள் மூலையில் நிற்பதற்கு, நான் பார்த்தவரையில், மூன்று காரணங்கள் சாத்தியம்: அரிக்கத் தரை இல்லை, ஒளிய இடம் இல்லை, மேலே நடமாடும் சிறு மீன் இல்லை. மூன்றாவது நிரூபணமான விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேல்மட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பெரிய டெட்ராக்கள் பயமில்லாமல் திரிந்தால் கீழே இருப்பவையும் வெளியே வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய கட்டையும் போடுங்கள், விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள்.

தீவனத்தில் பலர் கோட்டை விடுவது அளவில். பெரிய மிதக்கும் உருண்டையைப் போட்டால் மேலே வந்து விழுங்கிவிட்டுப் போகும், அரிக்கும் வேலையே இல்லை. ஒரு மில்லிமீட்டர் அளவில் மூழ்கும் தீவனம் வாங்குங்கள். தொட்டி முழுக்கப் பரவலாகத் தூவுங்கள். ஒரே நேரத்தில் நிறையப் போடுவதைவிட நாளைக்கு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது நல்லது, குட்டிகளுக்கு நான்கு முறைகூடப் போடலாம். இவை நாள் முழுக்கச் சிறுகச் சிறுகத் தின்னும் மீன்கள். வயிறு உள்வாங்கியிருந்தால் தீவனம் போதவில்லை அல்லது ஒட்டுண்ணி இருக்கிறது. தாவரச் சத்தும் வேண்டும், ஸ்பைருலினா கலந்தது ஒன்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். உறைய வைத்த பிளட் வார்ம், ஆர்ட்டீமியா வாரத்துக்கு இரண்டு தடவை போதும். உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் போடுவதில்லை. அது வளர்வது சாக்கடைச் சேற்றில், கூடவே என்ன வருகிறது என்று யாருக்குத் தெரியும்? மாட்டு இதயம் போன்ற இறைச்சியும் வேண்டாம்.

முட்டை, குஞ்சு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இப்போது அது அவசரமும் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஆல்டிஃப்ரான்ஸ், சிவப்புத் தலை போன்றவற்றில் அப்பா அம்மா இரண்டுமே குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும். ஸ்டைண்டாக்னரியில் தாய் மட்டும்தான், அதுவும் முட்டையிட்ட உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு மீன் திடீரென்று சாப்பிடாமல், தாடை உப்பி ஒதுங்கி நின்றால் உடனே மருந்தைத் தூக்காதீர்கள்.

கல்லை மாற்றும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நைட்ரேட்டை அளந்து எழுதி வையுங்கள். இந்த வாரம் பாதிக் கல்லை எடுங்கள், அடுத்த வாரம் மீதியை. கல்லில் ஒட்டியிருக்கும் நல்ல பாக்டீரியாவை ஒரேயடியாக இழக்காமல் இருக்கத்தான் இது. அந்த இரண்டு வாரமும் ஃபில்டர் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச், வளையம் எதையும் கழுவக் கூடாது. கல் முழுவதும் போன பிறகு, கழுவிய மணலை ஒரு மக்கில் எடுத்துத் தண்ணீருக்குள்ளே இறக்கி அடியில் கவிழ்த்துவிடுங்கள், மேலிருந்து கொட்டினால் கலங்கும். அந்தச் சமயம் ஃபில்டர் நின்றிருக்கட்டும், மணல் படிந்ததும் ஓட்டிவிடுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்த வேண்டாம். மணல் போட்டு இரண்டு வாரம் கழித்து நைட்ரேட் அளவையும், அந்த ஒரு மீனின் தலையைப் பக்கவாட்டில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றையும் போடுங்கள். குழி அப்படியே இருக்கிறதா, பெரிதாகிறதா என்று பார்த்துவிட்டு மருந்தைப் பற்றிப் பேசலாம்.